மேஸ்திரிக்கு ஒரு சட்டை

"என் சட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ."

வாசல்வரை போய்விட்டவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் கொத்துக்கரண்டியும் ரப்பர் சுத்தியலும் போட்ட பை. சேலைக்கு மேலே மேஸ்திரியின் பழைய சட்டை. கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போட்டுக்கொள்வதுதான். குனிந்து நிமிரும்போது சேலை விலகாது, சிமெண்ட் உடம்பில் அப்பாது. புருஷனோ தம்பியோ உடுத்திக் கழித்ததாகத்தான் அது இருக்கும், புதிதாக யாரும் வாங்கித் தருவதில்லை. இவள் போட்டிருந்ததில் காலர் நைந்து, ஒரு பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தியிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி இரண்டாம் தடவை சொல்லவில்லை. சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தனக்கு எதற்கும் ஆகாது என்பது அவருக்கே தெரியும். தரை துடைக்கக்கூட ஆகாது. ஆனால் பெண்டாட்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். ஊக்கை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு பொத்தான்களைக் கழற்றினாள். சட்டையை உதறி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சோறு மூடி வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதைக் கேட்டதும்தான் மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் ஒரு மூச்சு கத்தித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாள்.

இத்தனை எரிச்சலுக்கும் மூலகாரணம் வேறொரு சட்டை. அதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

மேஸ்திரி டைல்ஸ் பதிக்கிறவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்குச் சித்தாள் அவர் மனைவிதான். மணல் சலிப்பது, கலவை கலப்பது, டைல்ஸ் பெட்டிகளை மாடிக்குச் சுமப்பது, இடுக்குகளில் சாந்து நிரப்புவது, கடைசியில் தரையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பது எல்லாம் அவள். நூல் கட்டிப் பதிப்பது மட்டும் அவர். பெண் கரண்டி பிடித்தால் வேலை விளங்காது என்று கட்டட வேலையில் ஒரு பேச்சு உண்டு. யார் கண்டுபிடித்த சாஸ்திரம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெண்ணுக்குப் பாதிக் கூலி கொடுப்பதற்கு அது வசதியாக இருந்தது, அதனால் நிலைத்துவிட்டது. அந்தப் பாதியும் புருஷன் கையில்தான் போய்ச் சேரும்.

தெருக்கோடியில் ஒரு தையல்காரம்மா கட்டடம் கட்டினார். கீழே கடை, மேலே வாடகைக்கு இரண்டு மாடி. கீழ்த்தளத்தில் மேஸ்திரி முன்பக்கத்திலிருந்து பதித்துக்கொண்டே வந்தவர், பாதியில் ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. முட்டி வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. டைல்ஸ் வேலைக்காரர்களுக்கு முதலில் போவது முட்டிதான். மனைவிதான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

படுக்கையில் கிடந்தபடியே அவர் யோசனை சொன்னார். வேலை நின்றுபோனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆகவே மிச்சத்தை அவளே பதித்து முடிக்க வேண்டும். யாராவது கேட்டால் மேஸ்திரி வந்து போட்டுவிட்டுப் போனார் என்று சொல்லிவிட வேண்டும். பெண் கரண்டி பிடித்தால் விளங்காது என்ற சாஸ்திரம் அன்று மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர், வாய் மூடாது. அவள் பேசிக்கொண்டே கலவை கலக்க, இவள் வாய் திறக்காமல் பதித்தாள். முதல் வரிசை முடிந்து, ரசமட்டத்தை வைத்து, குமிழி நகராமல் நடுவில் நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று ரேடியோ துருவித் துருவிக் கேட்டும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் புருஷன் வழியில் போகவில்லை. மேஸ்திரி கலவையை ஐந்து உருண்டையாக வைத்து அதன்மேல் டைல்ஸை அமுக்குவார். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. வேகமாக முடியும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவில் வெறும் காற்றுதான் இருக்கும். தட்டினால் டொக் என்று பொள்ளலாகக் கேட்கும், என்றைக்காவது கனமான சாமான் விழுந்தால் விரிசல் விடும். "முழுக்கத் தடவிப் போட்டா என்னங்க?" என்று அவள் எப்போதோ ஒருமுறை கேட்டு, எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தன் கைக்குக் கரண்டி வந்ததும் முழுக்கத் தடவிப் பதித்தாள்.

வேலை முடிந்தால் மேஸ்திரிக்குப் புதுச் சட்டை கொடுப்பது வீட்டுக்காரர்கள் செய்கிற மரியாதை. தையல்காரம்மா தன் கையாலேயே தைத்துவிடலாம் என்று நினைத்தார். "உங்க வீட்டுக்காரர் சட்டை ஒண்ணு கொண்டாயேன், அளவு எடுக்கணும்" என்று அவளிடம் கேட்டார். அவள் வீட்டுக்குப் போய் எடுத்து வரவில்லை. மேலே போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தாள். தையல்காரம்மா அதன் தோளையும் மார்பையும் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்னறை முழுவதையும் பதித்தது யார் என்பதைத் தரை முடிந்த முன்பக்கத்தில் உட்கார்ந்தபடி தன் கண்ணால் பார்த்தவர்தான் அவர். ஆனாலும் அளவு யாருக்கு எடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் கடைப் பலகையிலேயே ஊசியில் நூல் கோக்கத் தெரியாத அவர் கணவரின் பெயர்தான் இருந்தது.

ஒப்படைக்கிற நாளில் மேஸ்திரி வண்டியில் வந்து இறங்கினார். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வந்தவர் போனவர் எல்லாம் தரையைப் பார்த்து மெச்சினார்கள். "எல்லாம் நம்ம கைதாங்க" என்று அவர் சிரித்தார். புதுச் சட்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அவள் பின்பக்கக் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டு, கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "பின்னால ரூம்பு நான் போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ போட்டா என்ன, நான் போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே."

ரெண்டும் ஒன்றுதானாம். சட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் அவருக்கே வந்து சேர்ந்தது. அதை அவர் டீக்கடைக்குப் போட்டுப்போய்க் காட்டிவிட்டு வந்து கழற்றிப் போட்டார். துவைத்தது அவள். தோய்த்துக் கும்மும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. சுத்தமான பொறாமை, கட்டின புருஷன் மேலேயே. அதற்கு நல்ல பெயர் வைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்த வாரமே தையல்காரம்மாவிடம் போய், முதல் மாடியை நான் தனியாக எடுத்துச் செய்கிறேன், கொடுப்பீர்களா என்று கேட்டாள். அவர் யோசித்தார், மேஸ்திரி கோபித்துக்கொள்வாரே என்றார், கடைசியில் பார்க்கலாம் என்று கொடுத்தார்.

ஒரு பெண் கட்டட வேலையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெருவே கிளம்பிவிடுகிறது. காசு ஆசை என்றார்கள் சிலர். புருஷன் சரியில்லை என்றார்கள். ஆம்பளைகளோடு மாடியில் நின்று சிரிக்கத்தான் என்று சொன்ன புண்ணியவதியும் உண்டு. பெண்கள் தொழில் தொடங்க உதவுகிற அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, உங்களைத் தூண்டியது எது, தன்னம்பிக்கையா, கணவரின் ஊக்கமா, பிள்ளைகளின் எதிர்காலமா என்று அக்கறையாக விசாரித்தார். ரேடியோ முந்திக்கொண்டு, "அக்காவுக்கு ஒரு சட்ட மேல கண்ணுங்க" என்றாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கணவரின் ஊக்கம் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஊக்கம் கொடுத்த கணவரின் நிலைமை வேறு மாதிரி இருந்தது. முட்டி ஆறி அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய நேரத்தில், வீட்டில் அவருக்கு வர வேண்டிய போன் எல்லாம் அவளுக்கு வந்தது. இன்ஜினியர் ஒருவர் கூப்பிட்டபோது இவரே எடுத்து, என்ன வேலை சார், நான் வருகிறேன் என்றார். "இல்ல மேஸ்திரி, அவங்கள வரச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. டீக்கடையில், என்ன மேஸ்திரி, வீட்டம்மா உங்களுக்குச் சித்தாள் வேலை போட்டுக் கொடுத்தாச்சா என்று சீண்டினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுவதைப் பார்த்தால்கூட அவருக்கு எரிந்தது. பெண்டாட்டியின் முட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்துக்கு மனுஷன் வந்துவிட்டார்.

இன்று முதல் மாடி முடிகிறது. மத்தியானத்துக்கு மேல் தையல்காரம்மா வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வேலை பிடித்திருந்தால் இரண்டாம் மாடியும் அவளுக்கே. பிடிக்காவிட்டால் மேஸ்திரிக்குப் போகும். முட்டி சரியாகிவிட்டது, நானே வந்து செய்கிறேன் என்று மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால் அவள் மறுபடி வாளி கழுவத்தான் போக வேண்டும். அது இரண்டு பேருக்கும் தெரியும். சட்டையைக் கழற்றச் சொன்னது அதனால்தான்.

மத்தியானம் பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மேஸ்திரி ஒரு இரும்புக் கம்பியோடு முதல் மாடிக்கு ஏறினார். பொள்ளல் டைல்ஸ் எங்கே இருக்கிறது என்று காதே சொல்லிவிடும். ஒரு மூலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான சத்தம். அடுத்த வரிசை, அதுவும் கெட்டி. குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். எங்கேயும் தேங்காமல் நேரே போய் ஓட்டையில் இறங்கியது. குனிந்து கண்ணை ஒருக்களித்து இடுக்குகளைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி போயின. வேறொருவன் போட்டிருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார். பெண்டாட்டி போட்டிருந்தாள், நெஞ்சு காந்தியது.

கீழே இறங்கியவருக்கு வெறுங்கையோடு வீடு திரும்ப மனம் வரவில்லை. கடைக்குள் நுழைந்து, தான் போட்ட முன்பக்கத்தை விட்டுவிட்டு, தூணுக்கு அந்தப்பக்கம் தட்டத் தொடங்கினார். தூணைத் தாண்டி இரண்டாவது வரிசையில் டொக் என்று கேட்டது. இன்னொரு தடவை தட்டினார். டொக். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருந்தால் புதையல் கிடைத்த ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே இடத்தில் நின்றுகொண்டு தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு மேலேயிருந்து மனைவியும் ரேடியோவும் கை கழுவாமலே இறங்கி வந்தார்கள்.

"கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க. உள்ள ஒண்ணுமில்ல, காத்துதான். பொம்பள கை வேலை இப்படித்தான் இருக்கும். இதை நம்பி மேல் மாடியும் குடுத்தீங்கன்னா, ஒரு பீரோவைத் தூக்கி வெச்சா பொலபொலன்னு போயிரும்."

தையல்காரம்மா குழம்பினார். "அன்னைக்கு எல்லாம் உங்க கைன்னு சொன்னீங்களே மேஸ்திரி."

"நான் எங்கம்மா போட்டேன்? நான்தான் படுத்த படுக்கையாக் கெடந்தேனே. தூண் வரைக்கும்தான் என்னோடது. அதுக்கு அந்தப்பக்கம் பூரா இவ போட்டது."

எந்த ஒரு வார்த்தையை அவள் வண்டியில் வரும்போது கேட்டாளோ, அந்த வார்த்தை இப்போது நாலு பேர் முன்னால் வந்துவிட்டது. தரை பளபளத்தபோது அது அவர் கை. டொக் என்று கேட்டதும் அவள் கை. இப்படி ஒரு நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு எல்லா ஆண்களுக்கும் மனப்பாடமாக இருக்கிறது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் அவள்.

"என்னத்த?"

"அந்தப்பக்கம் பூரா யார் போட்டது?"

"நீதான் போட்டே. ஊருக்கே தெரியும், நீதான் போட்டே."

அவள் தலையசைத்தாள். மேலே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, அந்த டைல்ஸின் விளிம்பில் உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்து கிடந்த இடம் அதுதான். அங்கிருந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தினாள், எந்த வரிசை என்று அவளுக்கு மறக்கவில்லை. தூணைத் தாண்டி வந்து பதித்தது அவருக்கு ஞாபகம் இல்லை, அன்றைய வலிதான் இருந்தது.

உளியை இரண்டு தட்டுத் தட்டினாள். பிடிப்பு இல்லாததால் டைல்ஸ் உடையாமல் முழுசாகவே பெயர்ந்து வந்தது. அதைத் திருப்பித் தரையில் வைத்தாள். பின்பக்கத்தில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. காய்ந்து கல்லாகியிருந்தன.

"என்ன இது, உருண்டை உருண்டையா?" என்றார் தையல்காரம்மா. "இதை யாருப்பா போட்டது?"

ரேடியோ வாயைத் திறந்து, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தெருவில் யாரும் அதுவரை காணாத காட்சி அது. மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். சமாளித்துவிடு என்கிற அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கம். கோணல் வரிசைக்கும் உடைந்த மூலைக்கும், சித்தாள் கலவை சரியில்லை என்றுதான் அவர் வீட்டுக்காரர்களிடம் சொல்வார். அவளும் ஆமாம் என்று தலையாட்டித் திட்டு வாங்கிக்கொள்வாள். இப்போதும் தலை தானாக ஆடப் பார்த்தது. ஆணியில் மாட்டிவிட்டு வந்த சட்டை ஞாபகம் வந்தது.

"இது அவரு கைம்மா" என்றாள். "அஞ்சு உருண்டை அவரு வெக்கிறது. தூண் தாண்டி ரெண்டு வரிசை அவரு போட்டாரு. என் வேலை அதுக்கு அடுத்த வரிசையிலேர்ந்து. எதை வேணும்னாலும் தட்டிப் பாருங்க."

தையல்காரம்மா கையிலிருந்த கத்தரிக்கோலின் பிடியால் தானே குனிந்து தட்டிப் பார்த்தார். அடுத்த வரிசை கெட்டி. அதற்கும் அடுத்தது, பின்னறை, பின்வாசல் வரைக்கும் போய்த் தட்டிவிட்டு வந்தார். பிறகு தூணுக்கு முன்பக்கம் ஒன்றிரண்டு தட்டினார், டொக் டொக் என்றது. மேஸ்திரி வாசல் பக்கம் நகர்ந்தார். முட்டி ஒத்துழைக்காமல் தையல் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. உருண்டைகளைச் செதுக்கி எடுத்தாள். கலவை கலந்து, முழுக்கத் தடவி, அதே டைல்ஸை அதே இடத்தில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினாள். பழக்க தோஷத்தில் மேஸ்திரி எட்டிக் கை நீட்டி விளிம்பைச் சரிசெய்யப் போனார்.

"விடுங்க, ஈரம்" என்றாள்.

தையல்காரம்மா உள்ளே போய் ஒரு மடித்த துணியோடு வந்தார். நல்ல நீலத் துணி, சட்டைக்காக வெட்டியாகிவிட்டது, தைக்கவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். முதல் மாடி வேலைக்காக வெட்டியது, மேஸ்திரியின் அளவுக்கு. அந்த மாடியில் மேஸ்திரி ஒரு டைல்ஸ்கூடத் தொட்டதில்லை. இருந்தாலும் வீட்டுக்காரருக்குக் கொடுத்தால்தானே மரியாதை என்று நினைத்து வெட்டிவிட்டாராம்.

"உனக்கு ஒரு சேலை எடுத்துத் தரட்டுமா?" என்றார்.

"சேலை வேணாம்மா. மேஸ்திரிக்குக் குடுக்குறது சட்டதானே. அதையே குடுங்க."

"இது அவரு அளவும்மா. தோள் எறங்கும்."

"பிடிச்சுத் தைங்க. அவரு அளவு எனக்குப் பழக்கம்தான்."

தையல்காரம்மா துணியை மெஷின்மேல் வைத்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, திரும்பி நில்லு என்றார். சிமெண்ட் படிந்த தோளில் நாடாவை வைத்து அளந்தார். பிறந்ததிலிருந்து அவள் தோளைச் சட்டைக்கென்று யாரும் அளந்ததில்லை. கையைத் தூக்கச் சொன்னபோது கூசிக்கொண்டு சிரித்தாள். அளந்து முடித்து, மேல் மாடியை எப்போது தொடங்குகிறாய் என்று கேட்டார். நாளைக்கே என்றாள். மெஷினில் தைக்க வேண்டியிருந்ததால் மேஸ்திரி ஸ்டூலைவிட்டு எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அவள் தூக்கையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேலே நீலச் சட்டை, எல்லாப் பொத்தானும் இருந்தது. மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் தூங்காத கண்களால் அதைக் காலரிலிருந்து கைமடிப்பு வரை பார்த்தார். தனக்காக வெட்டிய துணி.

"பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கலரு?" என்றார் கடைசியில்.

அவள் செருப்பை மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மேல் மாடிக்கு ஆள் பத்தல. கலவ கலக்க ஒருத்தர் வேணும், நின்னுக்கிட்டுச் செய்யிற வேலதான், முட்டி மடக்க வேணாம். வர்றதா இருந்தா உங்க சட்ட ஆணியில கெடக்கு, மாட்டிக்கிட்டு வாங்க."

அவள் இறங்கிப் போனாள். தெருவில் ரேடியோவின் குரல் கேட்டது, சட்டையைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி எழுந்து கதவுக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து பழைய சட்டையை எடுத்தார். கையில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முதுகில் வேர்வை உப்புப் பூத்து வெளுத்திருந்தது, மார்பெல்லாம் சிமெண்ட், கைகளில் சாந்துக் கறை. சட்டை அவருடையதுதான். கறை ஒன்றுகூட அவருடையது இல்லை.